மென்குரலில் ஓர் இடித்துரை

அறவுரை கூறுபவன் ஒருவன். கேட்போர் அவன் சொல்லைச் செவியில் வாங்குகின்றனர். வாங்கியவுடன் எழுந்து ஆடத் தொடங்குகின்றனர். அவன் வென்றானா, தோற்றானா? இக்கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும், அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய கர்ட்டிஸ் மேஃபீல்ட் என்னும் பாடலாசிரியருக்கு 1972-ஆம் ஆண்டில் இது வேடிக்கையாக இருக்கவில்லை. போதைப்பொருளின் கேட்டினை எடுத்துரைக்க அவர் இயற்றிய பாடல்கள், போதைப்பொருள் வணிகன் ஒருவனை வீரனாக்கிக் காட்டிய திரைப்படத்திற்கென்றே அமைந்தன. படமும் வென்றது, பாட்டும் வென்றது. வென்றது எந்தப் பொருள் என்பது மட்டும் இன்றளவும் தீர்ப்புக் காணாத வழக்காக இருக்கிறது.

இசையை ஆராய்வது நமது தொழிலன்று. சொல்லையும் பொருளையும் எடைபோடுவதே நாம் பயின்ற கல்வி. அரபு இலக்கிய அறிஞர்கள் சொல்லை 'லஃப்ளு' என்றும் பொருளை 'மஃனா' என்றும் பிரித்துக்கொண்டு, கவிதையின் சிறப்பு இவ்விரண்டில் எதனைப் பற்றி நிற்கிறது என்று நூற்றாண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். பாட்டிலோ மூன்றாவதாக ஒன்று வந்து சேர்கிறது, அதுவே இசை. அது சொல்லுக்குத் துணையாகவும் நிற்கும்; சொல்லை மறைத்துக்கொண்டும் நிற்கும். மேஃபீல்டின் பாடல்களை நாம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, இந்தச் சிக்கல் அவற்றில் தெளிவாகத் தெரிகிறது என்பதனாலேயே.

பாட்டியாரின் திருச்சபை

கர்ட்டிஸ் மேஃபீல்ட் 1942-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் சிகாகோ நகரில் பிறந்தார். அவருக்கு ஐந்து வயதாகும்போது தந்தை குடும்பத்தை விட்டு நீங்கினார். தாயாரும் தந்தைவழிப் பாட்டியாருமே பிள்ளையை வளர்த்தனர். பாட்டியார் ஆனி பெல் என்பவர், 'டிராவலிங் சோல்' என்னும் சிறிய திருச்சபை ஒன்றில் போதகராக விளங்கியவர். பெரிய கோபுரமும் மணியும் கொண்ட தேவாலயமன்று அது. ஏழை மக்கள் கூடிப் பாடி, அழுது, ஆறுதல் பெற்றுச் செல்லும் இடம். அங்கேதான் சிறுவன் முதன்முதலில் குழுவாகப் பாடக் கற்றான். உடன் பாடிய மற்றொரு சிறுவன், பின்னாளில் பெரும் பாடகராகத் திகழ்ந்த ஜெரி பட்லர்.

வறுமை அக்குடும்பத்தை வீடு வீடாக அலைக்கழித்து, இறுதியில் சிகாகோவின் காப்ரினி குடியிருப்பில் கொண்டுவந்து சேர்த்தது. அரசு கட்டிக்கொடுத்த அந்த அடுக்குமாடி வீடுகள் பின்னர் அமெரிக்கா முழுவதும் வறுமைக்கும் வன்முறைக்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டவை. உயர்நிலைப் பள்ளிப் படிப்பை மேஃபீல்ட் முடிக்கவில்லை. அவருடைய கல்வியெல்லாம் பாட்டியாரின் போதனையும், குடியிருப்பில் கண்ட வாழ்க்கையும், கையிலிருந்த கிதாரும்தாம்.

அந்தக் கிதாரைப் பற்றி ஒரு செய்தியை ஈண்டுக் குறிப்பிட்டாக வேண்டும். கிதாருக்குச் சுருதி கூட்டும் வழக்கமான முறையை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. பியானோவின் கறுப்புக் கட்டைகளில் எழும் ஒலிகள் அவருக்குப் பழக்கமானவை. ஆகவே அந்த ஒலிகளுக்கே தம் கிதாரின் தந்திகளை முறுக்கிக்கொண்டார். இம்முறை தவறு என்று தெரியவந்த பின்னரும் அதனை மாற்றவில்லை. வாழ்நாள் முழுவதும் அப்படியே வாசித்தார். அதனால் அவர் வாசிப்பில் எழுந்த நீர்மை பிறரிடம் எளிதில் வாய்ப்பதில்லை. ஆசிரியனின்றிக் கற்றவனிடம் குறைகள் பல இருக்கும். சில வேளைகளில் அக்குறையே அவனது முத்திரையாகிவிடுகிறது.

டென்னசி மாநிலத்துச் சட்டனூகாவிலிருந்து சிகாகோவுக்கு வந்திருந்த இளைஞர் சிலரோடு பட்லரும் மேஃபீல்டும் சேர்ந்து அமைத்த குழுவே 'இம்ப்ரெஷன்ஸ்'. 1958-இல் பட்லரின் குரலில் வந்த ஒரு பாட்டு அவர்களுக்குப் பெயர் தேடித் தந்தது. புகழ் வந்ததும் பட்லர் தனியே பிரிந்தார்; குழு தளர்ந்தது. மேஃபீல்ட் மனம் தளரவில்லை. பட்லருக்கே கிதார் வாசித்தும், 1960-இல் அவருக்குப் பெருவெற்றி தந்த பாட்டினை உடனிருந்து எழுதியும் பொருள் சேர்த்தார். அப்பொருளைக்கொண்டு குழுவை மீண்டும் திரட்டி, 1961-இல் நியூயார்க் சென்று, தாமே எழுதிய 'ஜிப்ஸி வுமன்' பாட்டைப் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. சில காலத்தில் குழு மூவராகச் சுருங்கியது: மேஃபீல்ட், சாம் கூடன், ஃபிரெட் கேஷ். அம்மூவரின் குரல்கள் ஒன்றையொன்று தாங்கிச் செல்லும் முறையை அக்காலத்துக் குழுக்கள் பலவும் பின்பற்றின. கரீபியன் கடலில் உள்ள ஜமைக்காவில் பாப் மார்லியும் தோழர்களும் இவர்களைக் கேட்டே தம் கூட்டுப்பாட்டைப் பழகினார்கள்.

பயணச்சீட்டு வேண்டாத வண்டி

'சோல்' எனப்படும் இசை, கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் உலகியல் பாட்டும் கலந்து பிறந்த குழந்தை. தேவாலயத்தில் இறைவனை நோக்கி எழுந்த ஏக்கத்தை அது காதலியை நோக்கித் திருப்பிற்று. அக்காலப் பாடகர் பலரும் செய்தது அதுவே. மேஃபீல்ட் வேறொரு திசையில் திருப்பினார்: அந்த ஏக்கத்தை நாட்டு மக்களை நோக்கிச் செலுத்தினார். 1964-இல் வெளிவந்த 'கீப் ஆன் புஷிங்', சோர்வடையாமல் முன்னேறுமாறு கூறும் பாட்டு. அதை ஒருவன் தன் சொந்த வாழ்வுக்கும் பொருத்திக்கொள்ளலாம். ஓர் இனம் தன் போராட்டத்திற்கும் பொருத்திக்கொள்ளலாம். குடியுரிமைப் போராட்டத்தில் ஈடுபட்டோர் இரண்டாவது பொருளையே எடுத்துக்கொண்டார்கள்.

1965-இல் வந்த 'பீப்பிள் கெட் ரெடி' அவர் பாடல்களுள் தலைசிறந்தது என்பது பலர் முடிபு. நம் முடிபும் அதுவே. ஓர் இரயில் வண்டி வருகிறது, புறப்பட ஆயத்தமாகுங்கள் என்பதே பாட்டின் கரு. ஏறுவதற்குப் பயணச்சீட்டு வேண்டாம், மூட்டை முடிச்சு வேண்டாம், நம்பிக்கை ஒன்றே போதும் என்கிறது அது. கறுப்பின மக்களின் நெஞ்சில் இரயில் என்பது வெறும் வண்டியன்று. அடிமைகள் வடக்கே தப்பிச் செல்ல உதவிய மறைவழிகளுக்கு, முற்காலத்தில் 'பாதாள இரயில்பாதை' என்றே பெயர் இருந்தது. தெற்கின் கொடுமைக்கு அஞ்சிப் பிற்காலத்தில் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் உண்மையான இரயில்களிலேயே வந்திறங்கினார்கள். ஆன்மா கரையேறும் வண்டியும் அதுவே என்று தேவாலயப் பாடல்கள் பாடிவந்தன. இம்மூன்று பொருளையும் ஒரே உருவகத்தில் ஏற்றி, ஒரு சிறுவனும் புரிந்துகொள்ளும் சொற்களால் பாடியிருக்கிறார் இந்த இருபத்திரண்டு வயது இளைஞர். சொல் எளிது, பொருள் ஆழம், இசை இவ்விரண்டையும் ஏந்திச் செல்லும் பல்லக்கு. மூன்றும் இணங்கி நின்ற இடம் இது.

இப்பாட்டில் ஓர் அடியை மட்டும் நாம் இங்கே தனித்துக் காட்ட விரும்புகிறோம். எல்லோருக்கும் இடமுள்ள அந்த வண்டியில் ஒருவனுக்கு மட்டும் இடமில்லை என்கிறார் மேஃபீல்ட். தன்னைக் காத்துக்கொள்வதற்காக மனித குலத்துக்கே தீங்கிழைத்தவன் எவனோ, அவனே அந்த ஒருவன். பாட்டியாரின் திருச்சபையில் கேட்ட தீர்ப்புநாள் போதனையின் எதிரொலி அது. கடுமையான சொல்தான், ஆயினும் அவர் அதனைச் சினந்து கூறவில்லை, இரக்கத்தோடு கூறுகிறார். இந்த மனிதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஏழாண்டுகள் கழித்து அவனை மீண்டும் சந்திக்கவிருக்கிறோம்.

உடைமையும் உரிமையும்

1967-இன் இறுதியில் வெளிவந்த 'வீ ஆர் எ வின்னர்' உருவகத்தின் திரையை நீக்கிவிட்டது. கறுப்பின மக்கள் வெற்றியாளர்கள் என்று வெளிப்படையாகவே கூறிற்று. வானொலி நிலையங்கள் சில அதனை ஒலிபரப்ப மறுத்தன. ஆயினும் கறுப்பின மக்கள் விரும்பி வாங்கிய இசைத்தட்டுகளின் வரிசையில் அது முதலிடத்தைப் பெற்றது. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார், நகரங்கள் பற்றியெரிந்தன. அந்நிலையிலும் மேஃபீல்ட் வெறுப்பை விதைக்கவில்லை. 1969-இல் வந்த 'சாய்ஸ் ஆஃப் கலர்ஸ்', நிறத்தைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு உனக்கிருந்தால் எதைத் தேர்வாய் என்று இருசாராரையும் வினவுகிறது. வினாவாக நின்றதே அதன் வலிமை.

1968-ஆம் ஆண்டு மற்றொரு வகையிலும் குறிப்பிடத்தக்கது. எடி தாமஸ் என்னும் நண்பருடன் கூடி அவர் அவ்வாண்டில் 'கர்ட்டாம்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கர்ட்டிஸ், தாமஸ் என்னும் இரு பெயர்களின் முதற்பகுதிகளை இணைத்து அமைத்த பெயர் அது. தம் பாடல்களின் வெளியீட்டுரிமையை அதற்கும் முன்பே, 1960-களின் தொடக்கத்திலேயே, அவர் தமதாக்கிக்கொண்டிருந்தார். இது சிறிய செய்தியன்று. கறுப்பினப் பாடகர் பலர், ஒரு காரோ கைநிறையப் பணமோ பெற்றுக்கொண்டு தம் பாடல்களின் உரிமையைப் பிறர்க்கு எழுதிக்கொடுத்துவிட்டு, முதுமையில் வறுமையுற்ற காலம் அது. பள்ளிப் படிப்பை முடிக்காத இந்த இளைஞரோ, தாம் எழுதிய சொல்லுக்குத் தாமே உடையவராக இருக்க வேண்டும் என்று உறுதி பூண்டார். தன்மதிப்பைப் பற்றிப் பாடியவர், அதனை ஒப்பந்தத் தாளிலும் நிலைநாட்டினார்.

1970-இல் அவர் இம்ப்ரெஷன்ஸ் குழுவை விட்டுத் தனியே பாடலானார். அவ்வாண்டு வந்த 'கர்ட்டிஸ்' என்னும் முதல் தொகுப்பில், இனவேறுபாடின்றி யாவரும் நரகத்திற்கே போகப்போகிறோம் என்று எச்சரிக்கும் பாட்டு முதலாவதாக நிற்கிறது. ஏறக்குறைய ஒன்பது நிமிடம் ஓடும் 'மூவ் ஆன் அப்' என்னும் ஊக்கப் பாட்டும் அதே தட்டில் இருக்கிறது. அச்சுறுத்தலும் ஆறுதலும் அடுத்தடுத்து வருவது போதகர் வீட்டுப் பிள்ளைக்கு இயல்பே. இக்காலத்தில் அவர் இசையும் மாறிற்று. 'ஃபங்க்' என்னும் பாணியில் இன்னிசையைவிடத் தாளமே தலைமை தாங்கும். தாளவட்டத்தின் முதல் தட்டில் அழுத்தம் விழும். கேட்போரின் கால் தானாக அசையும். ஜோசஃப் ஸ்காட்டின் தாழ்சுருதிக் கிதாரும், ஹென்றி கிப்சனின் கைமுரசும் அவருக்கு அத்தகைய தரையை அமைத்துக் கொடுத்தன.

அந்தப் பாணியில் மற்றவர்கள் முழங்கினார்கள். மேஃபீல்ட் முழங்கவில்லை. ஆண்குரலின் இயல்பான எல்லைக்கு மேலே, பெண்மையின் மென்மை தோய்ந்த மேற்குரலில், காதருகே பேசுவதுபோலப் பாடினார். தாளம் ஓங்கி ஒலிக்க, அதன்மேல் குரல் தணிந்து செல்கிறது. கடிந்துரைக்க வேண்டியதை அவர் இரகசியம்போல் உரைக்கிறார். இஃது அவருடைய தனிச்சிறப்பு. அவர்மேல் சுமத்தப்படும் குற்றச்சாட்டும் இதிலிருந்தே தொடங்குகிறது.

'சூப்பர் ஃபிளை' வழக்கு

கார்டன் பார்க்ஸ் இளையவர் இயக்கிய 'சூப்பர் ஃபிளை' திரைப்படம் 1972 ஆகஸ்ட் மாதம் வெளிவந்தது. ப்ரீஸ்ட் என்பவன் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் கோக்கெயின் விற்பவன். கடைசியாக ஒரு பெருவணிகம் செய்து பொருள் ஈட்டிக்கொண்டு அத்தொழிலை விட்டுவிட எண்ணுகிறான். இறுதியில், ஊழல் மிகுந்த காவல்துறை அதிகாரியையே ஏமாற்றிவிட்டுப் பணத்துடன் தப்புகிறான். அவனுடைய ஆடையும் காரும் நடையும் இளைஞரைக் கவரும்படி காட்டப்பட்டன. கறுப்பின உரிமை அமைப்புகள் சில, இத்தகைய படங்கள் தம் இளைஞரைக் கெடுக்கும் என்று அக்காலத்திலேயே கண்டித்தன. கண்டனம் நியாயமானதே.

இப்படத்திற்குப் பாடல் அமைக்க மேஃபீல்ட் இசைந்தார். எழுத்தில் கதையைப் படித்தபோது தவறாகத் தோன்றவில்லை என்றும், படமாக்கப்பட்டதைக் கண்டபோது அது கோக்கெயினுக்குச் செய்யும் விளம்பரம்போல் இருந்தது என்றும் அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். விலகிக்கொள்ளாமல், தம் பாடல்களால் படத்திற்கு மறுமொழி கூற முற்பட்டார். ஆகவே 'சூப்பர் ஃபிளை' தொகுப்பினைப் படத்தின் துணையாகக் கருதாமல், படத்தின்மேல் எழுதப்பட்ட மறுப்புரையாகவே நாம் படிக்க வேண்டும்.

அம்மறுப்பு எவ்வாறு செய்யப்பட்டிருக்கிறது என்று காண்போம். தொகுப்பின் முதற்பாட்டு, சிதறிய குடும்பத்தில் வளரும் குழந்தை ஒன்றின் துயரைச் சொல்கிறது. வணிகனைக் காட்டுமுன் அவன் எவ்விடத்திலிருந்து வருகிறான் என்பதை வைத்துவிடுகிறார். இரண்டாவது பாட்டு 'புஷர்மேன்'. இதில் போதைப்பொருள் விற்பவனே பேசுகிறான். மூன்றாவதாக 'ஃபிரெடிஸ் டெட்': வணிகரின் கையாளாக இருந்து மாண்டுபோன ஃபிரெடி என்பவனுக்கு ஓர் இரங்கற்பா. எல்லாரும் அவனைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒருவரும் அவனுக்காக வருந்தவில்லை என்று அது குற்றஞ்சாட்டுகிறது. பின்னர் வருவனவற்றுள், கூட்டாளி எடியை அவன் வீட்டாரை நினைவூட்டிக் கடியும் பாட்டு ஒன்று. போதை இல்லாமலே தன்னால் மகிழ்ந்திருக்க முடியும் என்று பாடும் பாட்டு ஒன்று. கடைசியில்தான் படத்தின் பெயர் தாங்கிய பாட்டு வருகிறது. அதுவும் வீரப்புகழாக இராமல், காலம் கழிந்துகொண்டிருப்பதை உணர்ந்த ஒருவனைப் பற்றிய கவலையாகவே அமைந்திருக்கிறது. ஒன்பது பதிவுகளையும் வரிசை குலையாமல் கேட்பவன், இதனை விளம்பரம் என்று சொல்லமாட்டான்.

வழக்கின் கடினமான பகுதி 'புஷர்மேன்' பாட்டில் இருக்கிறது. அதன் இசை மிக இனியது. விற்பவன் தன்னைத் தாய் என்றும் தந்தை என்றும் மருத்துவன் என்றும் கூறிக்கொண்டு அருகே வருகிறான். இத்தனை இனிமையாக அவனைப் பாடவிட்டால், கேட்கும் இளைஞன் மயங்கமாட்டானா? இது கண்டனம் செய்வோரின் வினா. இதற்கு நம் தமிழ் மரபிலேயே ஒரு விடை உண்டு. அகப்பாட்டில் பேசுவது புலவன் அல்லன். தலைவன் கூற்று, தோழி கூற்று, பரத்தை கூற்று என்று துறை வகுத்து, யார் வாயிலாகப் பேசுகிறது பாட்டு என்பதை முதலில் காண்பதே நம் உரையாசிரியர்களின் வழக்கம். 'புஷர்மேன்' விற்பவன் கூற்று. நஞ்சு விற்பவன் இனிமையாகப் பேசாமல் வேறெப்படிப் பேசுவான்? கடுமையாகப் பேசினால் எவன் வாங்குவான்? அந்த இனிப்பையே கேட்போர் நாவில் ஒரு துளி வைத்துக் காட்டுகிறார் கவிஞர்.

இவ்விடை சரியே, ஆயினும் முழு விடை ஆகாது. நம் மரபில் துறைக்குறிப்பு பாட்டுடனே வருகிறது. உரையாசிரியர் அருகிலிருந்து விளக்குகிறார். வானொலியிலோ நடன அரங்கிலோ துறைக்குறிப்பு ஏது? கேட்பவன் செவியில் விழுவது தாளமும் இனிமையுமே. திரைப்படமும் தன் பங்குக்கு ஒரு கேடு செய்தது. மேஃபீல்டும் அவர் இசைக்குழுவும் தோன்றி 'புஷர்மேன்' பாடும் காட்சி படத்தில் இருக்கிறது. 'ஃபிரெடிஸ் டெட்' பாட்டின் இசை மட்டும் படத்தில் ஒலிக்கிறது, சொற்கள் இல்லை. விற்பவன் கூற்று திரையில் நின்றது. இறந்தவனுக்கான இரங்கல் ஊமையாக்கப்பட்டது. இஃது ஒரு நூலின் மறுப்புரையை நீக்கிவிட்டுப் பூர்வபட்சத்தை மட்டும் அச்சிட்டது போலாகும்.

எனினும் இசைத்தட்டு படத்திற்கு முன்பே, ஜூலையிலேயே, கடைகளுக்கு வந்துவிட்டது. ஆகவே பல்லாயிரவர் ப்ரீஸ்டின் ஆடம்பரத்தைத் திரையில் காணுமுன் ஃபிரெடியின் சாவைச் செவியில் கேட்டார்கள். அவ்விரங்கற்பா நாட்டின் பொதுப் பாடல் வரிசையில் நான்காம் இடம்வரை உயர்ந்தது. தொகுப்போ 1972 அக்டோபரில் முதலிடத்தை அடைந்து நான்கு வாரங்கள் அங்கேயே நின்றது. திரையில் பறிக்கப்பட்ட சொற்களை மக்கள் வீட்டிலும் தெருவிலும் முழுமையாகக் கேட்டார்கள். தம் பாடல்களுக்குத் தாமே உடையவராக இருந்தமையால், பட முதலாளிகள் கத்தரித்ததைத் தம் தட்டில் கத்தரிக்காமல் வெளியிட அவரால் முடிந்தது என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

இனி, முன்பு நினைவில் வைக்கச் சொன்ன மனிதனுக்கு வருவோம். தன்னைக் காத்துக்கொள்ளப் பிறர் யாவருக்கும் தீங்கு செய்தவனுக்கு வண்டியில் இடமில்லை என்று 1965-இல் தீர்ப்பளித்தார் மேஃபீல்ட். 1972-இன் ப்ரீஸ்ட் யார்? அதே மனிதன்தான். இம்முறை அவனை வெளியே தள்ளிக் கதவை அடைக்காமல், அவனையே பேசவிடுகிறார். அவனது பிள்ளைப்பருவத்தைக் காட்டுகிறார். அவன் கையால் அழிந்தவனுக்காக அழுகிறார். தீர்ப்பை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. தீர்ப்புக் கூறுமுன் விசாரணை வேண்டும் என்று கற்றுக்கொண்டார். மேஃபீல்டின் வளர்ச்சியை ஒரு வரியில் கூறுமாறு கேட்டால், இதையே கூறுவோம்.

ஆகவே, கேட்போர் ஆடியதனால் பாடியவர் தோற்றார் என்று நாம் கொள்ளவில்லை. அதே வேளையில் அவர்மீது பழியே இல்லை என்றும் சொல்லமாட்டோம். இனிமையைக் கருவியாக எடுப்பவன், அக்கருவி கைநழுவிப் போகக்கூடும் என்பதை அறிந்தே எடுக்கவேண்டும். 'புஷர்மேன்' அவர் கையிலிருந்து சிறிது நழுவியே போயிற்று. பிற்கால இளைஞர் அதன் தாளத்தையும் விற்பவனின் தோரணையையும் எடுத்துக்கொண்டு, ஃபிரெடியை மறந்ததைக் காண்கிறோம். அடுத்த பாட்டு அருகிலேயே இருந்தும் அவர்கள் அதுவரை செல்லவில்லை என்பது அவர்கள் குறை. ஒரு பாட்டினுள்ளேயே மருந்தும் இல்லாமல், அடுத்த பாட்டை நம்பி விட்டுவைத்தது அவர் குறை.

குறைகளும் துயரமும்

அதன் பின்னர் அவர் நிறையவே எழுதினார். கிளாடிஸ் நைட் குழுவினருக்காக 1974-இல் 'கிளாடின்', ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் குழுவினருக்காக 1975-இல் 'லெட்ஸ் டூ இட் அகெய்ன்', அரீதா ஃபிராங்க்ளினுக்காக 1976-இல் 'ஸ்பார்க்கிள்' ஆகிய படப்பாடல்களை ஆக்கினார். 1975-இல் வந்த 'தேர்ஸ் நோ ப்ளேஸ் லைக் அமெரிக்கா டுடே' ஏழ்மையைப் பற்றிய அடங்கிய குரலுள்ள தொகுப்பு. 'சூப்பர் ஃபிளை' பெற்ற புகழில் சிறுபங்கும் அது பெறவில்லை, ஆயினும் பொருளாழத்தில் குறைந்ததன்று. 1970-களின் இறுதியில் நடன அரங்குகளின் புதுமோகத்திற்கேற்பச் சில தட்டுகளை வெளியிட்டார். அவற்றில் தாளம் இருக்கிறது. சொல்வதற்கு ஒன்றும் இல்லை. 1980-இல் கர்ட்டாம் நிறுவனம் நின்றது. அவர் அட்லாண்டாவில் குடியமர்ந்தார்.

மனிதரின் வாழ்வைப் பற்றியும் ஒரு சொல். 2016-இல் அவருடைய மகன் எழுதி வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, தந்தையின் பெருமைகளோடு குறைகளையும் மறைக்காமல் கூறுகிறது. அன்பையும் பொறுமையையும் பாடியவர், வீட்டில் சில வேளைகளில் கடுமையாக நடந்துகொண்டார் என்பது அதில் தெரிகிறது. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே இடைவெளி இருந்தால் சொல் பொய்யாகிவிடுமா? ஆகாது. ஆனால் சொன்னவருக்கு அது கடனாக நிற்கும். மகன் அந்நூலுக்குப் பாட்டியாரின் திருச்சபைப் பெயரையே வைத்திருக்கிறார் என்பது கருதத்தக்கது.

1990 ஆகஸ்ட் 13-ஆம் நாள் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் திறந்தவெளி நிகழ்ச்சி. மேஃபீல்ட் மேடைக்கு வந்தபொழுது பலத்த காற்று வீசி, விளக்குகள் பொருத்திய சட்டம் அவர்மேல் சாய்ந்தது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. கறுப்புக் கட்டைகளின் ஒலிக்குச் சுருதி கூட்டப்பட்ட கிதாரை அவர் அதன்பின் வாசிக்கவே இல்லை. இவ்விபத்தில் விதியின் பாடம் ஒன்றைத் தேடி எழுதுவோர் உண்டு. நாம் அதற்கு உடன்படோம். காற்று வீசிற்று, சட்டம் விழுந்தது, ஒரு நல்ல கலைஞர் படுக்கையில் வீழ்ந்தார். அவ்வளவே.

அதன் பின்னர் அவர் செய்ததே பேசத்தக்கது. நுரையீரலுக்குப் போதிய வலிமை இல்லை. மல்லாந்து படுத்தால் சிறிது மூச்சுக் கிடைத்தது. அந்நிலையில் ஓர் அடி பாடி, ஓய்ந்து, மற்றோர் அடி பாடி, இவ்வாறு அடியடியாகச் சேர்த்து 1996-இல் 'நியூ வேர்ல்ட் ஆர்டர்' என்னும் தொகுப்பை முடித்தார். ஒரு பாட்டில் அரீதா ஃபிராங்க்ளின் துணை செய்தார். முன்னாளில் மென்மை அவர் தேர்ந்தெடுத்த பாணி. இப்போது வேறு வழியே இல்லாத நிலை. ஆயினும் வேறுபாடு செவிக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. உரக்கப் பாடிப் பழகியவராயிருந்தால் அவர் அன்றே வாய்மூடியிருப்பார். தாழ்ந்த குரலில் சொல்லிப் பழகியவர், மூச்சுக் குறைந்த பின்னும் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தார். 1998-இல் நீரிழிவால் ஒரு காலை இழந்தார். 1999 டிசம்பர் 26-ஆம் நாள், ஐம்பத்தேழாம் வயதில், ஜார்ஜியா மாநிலத்து ராஸ்வெல் நகரில் காலமானார்.

'பீப்பிள் கெட் ரெடி', 'சூப்பர் ஃபிளை' ஆகிய இரண்டையும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் காத்துவைக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒன்று வண்டிக்கு அழைக்கிறது. மற்றொன்று வண்டியில் ஏற முடியாமற்போனவனின் கதையைக் கேட்கச் சொல்கிறது. இரண்டையும் ஒருங்கே கேட்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். கேட்கும்போது 'புஷர்மேன்' முடிந்ததும் எழுந்துவிடாமல், அடுத்து வரும் ஃபிரெடியின் பாட்டுக்காகச் சிறிது நேரம் அமர்ந்திருந்தால், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறிவிடும்.